இருபத்தைந்துக்கு மேல் போடாதீர்கள்

செய்தி வந்தபோது நான் வாசிகசாலையில் பெரியசாமியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே மூன்று விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. வாசிகசாலையைக் கூட்டித் துடைத்துப் பூட்டித் திறக்கும் பெரியசாமி இப்படி ஊதாரித்தனம் செய்கிற ஆளல்ல. "பட்டப்பகலில் யாருக்குப் பெரியசாமி இந்த வெளிச்சம்?" என்று கேட்டேன்.

"வேணும்னுதாங்க போட்டேன். ஜமால்தீன் நானா மௌத்தாப் போயிட்டாராம். பல்லேபொல பஸ் கண்டக்டர் சொல்லிட்டுப் போனான். அவரு போட்ட லைட்டுங்க இது. கொஞ்ச நேரம் எரியட்டும்னு விட்டேன்."

குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். அன்று பார்த்துப் பல்லேபொல பஸ் ஒரு மணி நேரம் பிந்தியது. மகள் வீட்டில்தான் அவர் இறந்திருந்தார். நான் போய் இறங்கியபோது ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சிலருடைய கைகளில் இன்னும் மண் இருந்தது. அவர்கள் பக்கத்தில் அடக்கத்தைத் தாமதிக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிடலாம், பார்த்து மனதுக்குள்ளாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று எண்ணிக்கொண்டு போயிருந்தேன். அதற்கும் கொடுத்து வைக்கவில்லை. ஏழு வருடமாக எத்தனையோ முறை அதே ஊரில், அதே தெருவில், நேருக்கு நேர் பார்த்தபோது சொல்லாதவன், மூடிய முகத்திடம் சொல்ல ஓடினால் வேறென்ன கிடைக்கும்?

நம்முடைய வழக்கம் என்றால் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அடிப்போம். அவர்களிடத்தில் அந்த வழக்கம் இல்லை. அதனால் நமது வாசிகசாலை மலரில் சில பக்கங்கள் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன். ஜமால்தீன் நானாவை அறியாத அங்கத்தவர் இங்கே இருக்க முடியாது. மாத்தளையில் வயரிங் வேலைக்கு அவரைக் கூப்பிடாத வீடுகள் ஒரு காலத்தில் மிகக் குறைவு. பிறகு ஒரு காலம் வந்தது, கூப்பிடுகிற வீடுகள் மிகக் குறைவு. இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று உங்களில் பலர் ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் ஒருவரின் வீட்டில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஜமால்தீனின் வயரிங் தீப்பிடித்தது என்பது அந்தக் கதை. அந்தக் கிளாக்கர் நான்தான். அந்தக் கதையும் நான் சொன்னதுதான்.

முதலில் அந்த விளக்குகள் எப்படி வந்தன என்று சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த நாள் முதல் நாங்கள் இருப்பது ஒரே வாடகை வீடு. விறாந்தை, ஒரு ஹோல், இரண்டு சிறிய அறைகள், குசினி. எல்லாமே அந்த ஹோலில்தான். என் மனைவி பரமேஸ்வரிக்குத் தலையிடி உண்டு. வந்தால் இரண்டு நாள் நிற்கும், வெளிச்சம் ஊசிபோலக் கண்ணில் குத்தும் என்பாள். மகள் வசந்தாவுக்கு அப்போது பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோலின் நடுவில் ஒற்றை வயரில் அறுபது வாட் பல்பு ஒன்று தொங்கும். தாய்க்கு அது கூடுதல், மகளுக்கு அது காணாது. தாய் அறைக்குள் போய்ப் படுத்தால் மரச்சுவரின் இடுக்கு வழியாக வெளிச்சம் அங்கேயும் வரும். பல்பை நிறுத்தினால் பிள்ளை லாம்பு வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிப்பாள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் இதே வழக்குத்தான். நீதவான் நான்.

கொழும்புக்கு அலுவலாகப் போனபோது ஒரு கடையில் அதிசயம் ஒன்று கண்டேன். சுவரில் ஒரு குமிழ். திருகினால் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது, மறுபடி திருகினால் கூடியது. விலையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோன நேரம் அது. மாத்தளைக்குத் திரும்பி ஜமால்தீன் நானாவிடம் அந்தக் குமிழைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அந்தத் திருகாணிக்குக் குடுக்குற காசுக்கு இந்த ஊட்டுக்கே புதுசா ஓடு போடலாம், கிளாக்கரய்யா. அது இல்லாமலும் வெளிச்சத்தக் கொறைக்கலாம். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லுங்க. ராவு ஏழு மணிக்கு இந்த ஊட்டுல யாரு யாரு எங்க ஒக்காருவீங்க?"

அவருடைய வேலை முறையே அதுதான். வயரையும் சுவிட்சையும் பற்றி முதல் நாள் பேசமாட்டார். அடுத்த நாள் பின்னேரம் மஃரிபு தொழுகை முடித்துவிட்டு வந்து வீட்டில் இருந்த ஒவ்வொரு கதிரையிலும் உட்கார்ந்தார். சும்மா ஒப்புக்கு அல்ல. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வசந்தாவின் மேசைக் கதிரையில் உட்கார்ந்து, அவளுடைய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தன் கையின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். பிறகு ஒரு பாயை விரிக்கச் சொல்லி, பரமேஸ்வரி படுக்கும் இடத்தில் தானே மல்லாந்து படுத்தார். ஊரில் பெயர்பெற்ற வயரிங்காரர் எங்கள் ஹோலில் நீட்டி நிமிர்ந்து கிடப்பதைப் பார்த்து வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரி மகள், சிரி. படுத்துப் பாக்காமப் போட்ட லைட்டு ஆஸ்பத்திரி லைட்டு மாதிரி இருக்கும்" என்றார் படுத்தபடியே. "பல்பு கண்ணுக்குத் தெரியவே கூடாது. வெளிச்சந்தான் தெரியணும்."

எழுந்ததும் பரமேஸ்வரியிடம் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கேட்டு வாங்கினார். நானும் வசந்தாவும் இரண்டு கதிரைகளில் ஏறி அதை விதானத்தின் கீழ் விரித்துப் பிடித்தோம். அவர் ஒரு பல்பைக் கையில் பிடித்து, அட்டை ஒன்றால் கீழ்ப்பக்கத்தை மறைத்து, மேலே விரிப்பைப் பார்த்து எரியவிட்டார். ஹோல் முழுவதும் ஒரு பால் நிற வெளிச்சம் இறங்கியது. அன்று பரமேஸ்வரிக்குத் தலையிடி நாள். ஈரத்துணியைக் கண்ணிலிருந்து எடுத்தவள், "இது குத்தேல்லை அண்ணை" என்றாள். எங்களுக்குக் கை கடுத்துப்போகும்வரை அவர் பல்பை இறக்கவில்லை.

திட்டம் இதுதான். விதானத்துப் பலகைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. இரண்டு நீளச் சுவர்களிலும், விதானத்துக்கு ஒரு சாண் கீழே, தொட்டிபோல மரப்பலகை அடித்து அதற்குள் பக்கத்துக்கு இரண்டாக நாலு பல்புகளை ஒளித்து வைப்பது. இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் மின்சாரம் பங்குபோய் இரண்டும் மங்கலாக எரியும். தனித்தனியாகக் கொடுத்தால் இரண்டும் முழுதாக எரியும். அதை வைத்துக்கொண்டு மூன்று சுவிட்சுகளில் மூன்று படி வெளிச்சம் செய்தார். முதல் படி, ஒரு பக்கத்துப் பல்புகள் மட்டும் மங்கலாக, தலையிடிக்கு. இரண்டாம் படி, நாலும் மங்கலாக, சும்மா இருந்து கதைக்க. மூன்றாம் படி, நாலும் முழுதாக, விருந்தாளிகள் வந்தால். வசந்தாவின் மேசைக்கு மட்டும் தகரத் தொப்பி போட்ட தனி விளக்கு. பலகை, பழைய சாமான் கடையில் வாங்கிய தேயிலைப் பெட்டிப் பலகை. சுவிட்சுகள், இடித்த வீடொன்றில் கழற்றியவை. குமிழ் இல்லாமல், கொழும்பு இல்லாமல், எனக்குக் கட்டுப்படியான விலையில் வேலை முடிந்தது.

முடிந்த அன்று ஏணியிலிருந்து இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். "கிளாக்கரய்யா, ஒண்ணு நல்லாக் கேட்டுக்கோங்க. பலக கிட்ட இருக்கு, பழைய ஹோல்டர். இருபத்தஞ்சு வாட்டுக்கு மேல இதுல போடாதீங்க. நா மறந்தாலும் நீங்க மறக்கக் கூடாது." சொன்னதோடு விடாமல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பலகையின் உட்புறத்தில் எழுதியும் வைத்தார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் வழக்கு ஓய்ந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் பரமேஸ்வரி சாமி விளக்கைக் கொளுத்திவிட்டு வந்து, முதல் படிச் சுவிட்சைப் போட்டு அந்த வெளிச்சத்தையும் கும்பிடுவாள். வசந்தா சோதனை பாஸ் பண்ணினாள். நானாவும் தெருவால் போகும்போது உள்ளே வந்து, ஒரு கதிரையில் உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் வேறு கதிரை. விதானத்தை ஒரு பார்வை பார்த்து, "வெளிச்சத்தக் கூட்டுறது லேசு, கிளாக்கரய்யா. எந்தப் பயலும் கூட்டுவான். கொறைக்கத்தான் வேல தெரியணும்" என்பார். அதில் கொஞ்சம் தற்பெருமையும் இருக்கும். அவரை ஒரு மகானாக்க, அவுலியாவாக்க நான் இதை எழுதவில்லை. கோபக்காரர். என் மைத்துனரின் படத்தை மாட்ட, அவருடைய வயர் போகிற வழியில் நான் ஆணி அடித்துவிட்டேன் என்பதற்காக நாலு மாதம் என்னோடு பேசாமல் இருந்தவர். பெருநாளுக்கு அனுப்பும் வட்டிலப்பத்தைக்கூட அந்த வருடம் பரமேஸ்வரியின் பெயர் சொல்லித்தான் அனுப்பினார்.

பிறகு வசந்தாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை திருகோணமலையில் ஆசிரியர். ஊரிலிருந்து அவருடைய பெரியப்பா, தாய், இன்னும் எட்டுப் பேர் பெண் பார்க்க வருவதாகக் கடிதம். இந்தச் சம்பந்தத்தைச் சொன்னவர் மாத்தளைக் கடைவீதிப் புடவை வியாபாரி ஒருவர். அவரும் வருவதாக இருந்தார். அவருடைய புதிய மாடி வீடு கட்டி முடிகிற தறுவாய். அதன் வயரிங் முழுவதும் ஜமால்தீன் நானாவுக்கு என்று பேச்சாகியிருந்தது. நானாவின் வாழ்நாளில் ஆகப் பெரிய வேலை அது.

எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா பெரிய உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர். அவர் கண்ணுக்கு என் வீடு ஒரு கிளாக்கரின் இருட்டு வீடாகத் தெரியக்கூடாது. நல்ல காரியம் நடக்கும் வீடு ஜெகஜோதியாக இருக்கவேண்டும். பல்புகள் கிடைக்காத காலத்தில், சிநேகிதர் ஒருவரிடம் இரண்டும் கடையொன்றில் கெஞ்சி இரண்டுமாக நாலு நூறு வாட் பல்புகள் சேர்த்தேன். மத்தியானமே ஏணி வைத்து ஏறிவிட்டேன்.

கீழே நின்று பரமேஸ்வரி சொன்னாள். "இஞ்சேருங்கோ, நானா சொன்னவரெல்லே, இருபத்தஞ்சுக்கு மேலை போடவேண்டாமெண்டு. ஒருக்கா அவரைக் கேட்டிட்டுப் போடுங்கோவன்."

"ஒருநாளிலை என்ன வரப்போகுது? இண்டைக்கு மட்டும்தானே. நீர் போய்ப் பலகாரத்தைப் பாரும்."

பலகையின் உட்புறத்தில் அவர் எழுதியது என் மூக்கிலிருந்து அரை முழ தூரத்தில் இருந்தது. வாசித்துவிட்டுத்தான் பல்பை மாட்டினேன்.

விளக்குகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஐந்து மணிக்குப் பியூஸ் போனது. பல்புகளின் சூட்டில் வயரின் ரப்பர் உருகத் தொடங்கியிருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை. ஆறு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு நல்ல நேரம் கொஞ்சம்தான். பழைய இஸ்திரிப் பெட்டியின் வயரை அறுத்து, அதிலிருந்த செப்புக் கம்பிகளைத் தடிப்பாக முறுக்கிப் பியூஸில் கட்டினேன். விளக்குகள் வந்தன. மெல்லிய பியூஸ் கம்பி என்பது ஆபத்து வந்தால் முதலில் தான் அறுந்து வீட்டைக் காப்பதற்கு என்று அவர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். எல்லாம் தெரிந்த மூடனுக்கு நிகர் எவரும் இல்லை.

வந்தார்கள். ஹோல் பகல்போல இருந்தது. பெரியப்பா விதானத்தை நிமிர்ந்து பார்த்து, "அட, நல்ல வெளிச்சம்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பரமேஸ்வரிக்கோ அந்த வெளிச்சத்தில் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய் அதைத் தவறாக விளங்கிக்கொண்டு, "ஏன் அழுகிறியள்? பிள்ளையை நாங்கள் வடிவாப் பார்ப்பம்" என்று ஆறுதல் சொன்னார். வசந்தா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். குனிந்து முதல் கோப்பையை நீட்டினாள். அந்த நிமிடத்தில் மேலே படபடவென்று ஒரு சத்தம். நீல நெருப்பு ஒன்று பலகையின் மேலால் ஓடியது. ரப்பர் கருகும் நாற்றம், புகை. விளக்குகள் எல்லாம் ஒன்றாக நின்றன. தட்டு விழுந்து கோப்பைகள் நொறுங்கின. நான் மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். யாரோ தண்ணீர் கொண்டுவர, வேறு யாரோ தடுத்துச் சாக்கால் அடித்து அணைத்தார்கள்.

பிறகு மெழுகுதிரி வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், பெண் முதன்முதலாகச் சபைக்கு வந்த நிமிடத்தில், வீடே இருண்டால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வந்திருந்த கிழவி ஒருத்தி, "சகுனம் சரியில்லைப்போலை" என்று முணுமுணுத்தாள். மாப்பிள்ளையின் தாய் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வசந்தா உடைந்த கோப்பைகளின் நடுவில் அப்படியே நின்றாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது.

"சகுனமும் இல்லை, ஒண்டுமில்லை. உந்த வயரிங் செய்த ஜமால்தீன்ரை பிழை. மலிவாச் செய்யிறனெண்டு சொன்னவர், நம்பிக் குடுத்தன். பிழையாச் செய்துபோட்டார்."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப வேலைக்காரன்ரை பிழை. வீட்டிலை பிழையில்லை. இதுக்கேன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறியள்? பிள்ளை, நீ உள்ளை போய் வேறை தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வா." எல்லாரும் மூச்சு விட்டார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. புறப்படும்போது புடவை வியாபாரி என் தோளைத் தட்டி, "நல்ல நேரத்தில் தெரிந்துகொண்டேன், கிளாக்கர்" என்றார். அது எதைப் பற்றி என்று எனக்கு விளங்கியது. வாயைத் திறக்க அப்போதும் ஒரு நிமிடம் இருந்தது. வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு ஜமால்தீன் நானா ஏணியோடு வந்தார். நான் ஆள் அனுப்பவில்லை. கடைவீதியில் கேள்விப்பட்டிருந்தார். வசந்தா பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். "என்ன மகள், பேச்சு நல்லா முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மெயின் அணைச்சிருக்கா?"

ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருகிய பலகைக்குள் கையை விட்டு ஒரு பல்பைக் கழற்றி, கரியை இடுப்புச் சாரத்தில் துடைத்து, கண்ணாடியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்தார். மற்றவற்றையும் பார்த்தார். பிறகு இறங்கி வந்து பியூஸைக் கழற்றினார். என் செப்புக் கம்பி அங்கே முறுக்கியபடி இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தாரா, பேசக்கூடாது என்று நினைத்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வசந்தா பக்கத்திலேயே நின்றாள். அவர் கம்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குள் எல்லாவற்றையும் புதிதாக்கிவிட்டார். கூலி வாங்கவில்லை. மூன்று பல்புகள் வெடித்திருந்தன. மிஞ்சிய ஒன்றைப் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். "இது நல்லாத்தான் இருக்கு. இப்ப பல்பு கெடைக்கிறதில்ல. வீசிடாதீங்க."

அதற்குப் பிறகும் வந்தார். கூப்பிட்டால் வருவார், செய்வார், போவார். வசந்தாவின் கலியாணத்துக்கு வந்தார். பந்தல் விளக்குகளுக்கு நான் கண்டியிலிருந்து வேறு ஆளைப் பிடித்திருந்தேன். அவரைப் பிடித்தால் சம்பந்திகள் கேள்வி கேட்பார்கள் என்று பயம். அவர் அந்த விளக்குகளின் கீழே சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு, தன் கையால் செய்த மேசை விளக்கு ஒன்றை வசந்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கும் மூன்று படி. ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் எந்தக் கதிரையிலும் உட்காரவில்லை. "இருங்கோ நானா" என்பேன். "வேல கெடக்கு, கிளாக்கரய்யா" என்று விறாந்தையிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். ஆணிக்காக நாலு மாதம் பேசாமலிருந்த மனிதர், இதற்காக ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்கவில்லை. அந்த நாலு மாதத்தையே மறுபடி தந்திருக்கலாமே என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

மாடி வீட்டு வேலை வேறொருவருக்குப் போனது. அதைப் பார்த்து இன்னும் சில வீடுகள் போயின. கலியாண வீட்டுக்கு விளக்குப் போட யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தீப்பிடித்த ராசி என்று. நமது வாசிகசாலைக்குக் கூப்பிட்டோம். அந்தத் தீர்மானத்தைக் கமிட்டியில் கொண்டுவந்தவன் நான். அதைச் செய்துவிட்டு ஏதோ கணக்குத் தீர்ந்ததுபோல ஒரு வாரம் நிம்மதியாக நித்திரை கொண்டேன். ஐம்பது வயதுக்கு மேல் அவர் வில்கமுவைப் பக்கம் நெல் ஆலைகளுக்கு ஜெனரேட்டர் வேலைக்குப் போனார். பஸ் வராத நாட்களில் டிராக்டர் பெட்டியில் ஏறி வருவார். போகும்போதெல்லாம் காய்ச்சலோடு திரும்பினார். அந்தக் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது என்று சொல்ல நான் வைத்தியன் அல்ல. இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள் மறுபடி பல்லேபொலைக்குப் போனேன். பரமேஸ்வரியும் வந்தாள். இந்த ஏழு வருடத்தில் அவள் என்னிடம் இதைப் பற்றி நாலு முறைதான் பேசியிருப்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியம்: "போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோவன்." நானாவின் மனைவி, கணவரை இழந்தவர்கள் அன்னிய ஆண்கள் முன் வராதிருக்கும் இத்தாவில் இருந்ததால் மகள் ரஹீமாதான் எங்களுடன் பேசினார். பள்ளிக்கூட ஆசிரியை. கதவுத் திரைக்கு அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூறு வாட், செப்புக் கம்பி, நான் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. உங்கள் வாப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார் என்றேன்.

திரைக்குப் பின்னால் யாரோ விம்முவது கேட்டது.

"வாப்பா ஒண்ணும் சொல்லலீங்க. 'நா இன்னும் கவனமாப் பாத்திருக்கணும்' அப்படின்னுதான் எங்ககிட்ட சொன்னாரு. அவரு கைப்பிழைன்னு நாங்களும் நம்பிட்டோம். உம்மா நம்பினாங்க. நான் நம்பினேன். ஒருநா கோவத்துல, 'ஒங்க வேலய நம்பி யாரு கூப்பிடுவாங்க'ன்னு கேட்டுட்டேன். அதுக்கும் பேசாமத்தான் இருந்தாரு." பிறகு மெதுவாகக் கேட்டார். "அவரு உசுரோட இருக்கையில ஏன் வந்து சொல்லல நீங்க?"

வெட்கம் என்றால் அது பதிலாகாது. மகளின் வாழ்க்கை என்றால் அதுவும் முழு உண்மை அல்ல. வசந்தாவுக்குப் பிள்ளை பிறந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எங்கிட்ட சொல்லிப் பிரயோசனமில்ல" என்றார் ரஹீமா. "ஊருல சொன்னீங்க, ஊருலயே சொல்லுங்க. எழுதுங்க. எல்லாரும் படிக்கட்டும்."

அதனால் எழுதுகிறேன். மாத்தளைப் பெரியோர்களே, ஜமால்தீன் நானா அந்த வேலையில் ஒரு பிழையும் செய்யவில்லை. பிழை முழுவதும் என்னுடையது. இதை எழுதுவதற்கு முன் வசந்தாவுக்கும் மருமகனுக்கும் கடிதம் போட்டேன். மருமகன் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார்: "மாமா, எழுதுங்கள்." வசந்தா எழுதவில்லை. அந்த மேசை விளக்கு இன்னும் அவளுடைய மேசையில்தான் இருக்கிறது.

சாட்சி இல்லாமல் நான் பேசவில்லை. கருகிய பலகையை அன்று அவர் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். நான் அதை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். ஏழு வருடம் அங்கேயே இருந்தது. ஒரு மூலை கரியாகிப் போனாலும் அவருடைய பென்சில் எழுத்து அழியவில்லை: "இருபத்தைந்துக்கு மேல் போடாதீர்கள். ஜமால்தீன்." பேசும்போது 'போடாதீங்க' என்பவர், எனக்காகப் படித்தவர் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். ரஹீமாவின் சம்மதத்தோடு அந்தப் பலகையை வாசிகசாலை மேசையில் வைத்திருக்கிறேன். மாதம் முடிந்ததும் அது பல்லேபொலைக்குப் போகும். அது அவர்களுடைய சொத்து.

எனக்கென்று என்ன வைத்துக்கொண்டேன் என்றால், அந்த ஒற்றை நூறு வாட் பல்புதான். அவர் சுற்றித் தந்த அதே பேப்பரில் இருக்கிறது. வீசவேண்டாம் என்றார், வீசவில்லை. இன்னும் எரியும் என்றுதான் நினைக்கிறேன். பெரியசாமி ஒருநாள் கேட்டார், வாசிகசாலையில் ஒரு பல்பு போய்விட்டது, அதைத் தரமுடியுமா என்று. அந்த விளக்கின் அடிக்கட்டையை நிமிர்ந்து பார்த்தேன். அங்கேயும் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தது. நாற்பது. கடைக்குப் போய் நாற்பது வாங்கிவரச் சொன்னேன்.